அப்பாவை உட்காரவைத்த நடிகன்

அந்தமானில், சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் மாலைப் படகில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரே அலுவலகம் போலிருந்தது. கண்ணாடி போட்டவள் சொன்னாள்:

“படம் பூரா பக்வாஸ், வெறும் குப்பைடி. அந்த ஹீரோ மட்டும் இல்லேன்னா எங்கப்பா எழுந்து ஓடியிருப்பாரு.”

“சூப்பர் ஹீரோ படத்துக்கு அப்பாவையா கூட்டிட்டுப் போனே?”

“அவராத்தான் வர்றேன்னாரு. உள்ள போன பிறகுதான் தெரிஞ்சுது, ஊரையே முழுங்குற அலை வருதுன்னு.”

தோழியின் குரல் தணிந்தது. “ஐயோ. கட்சால் தீவுல உங்கம்மாவை சுனாமி அலைதானே கொண்டு போச்சு?”

“அதுக்கப்புறம் டிவியில கடல் வந்தாலே எழுந்து போயிடுவாரு. தியேட்டர்ல என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாரு.”

“எப்படிடி?”

“நானும் கேட்டேன். ‘அவன் பறக்கிறதெல்லாம் பொய்தான். ஆனா அலையைப் பார்த்ததும் அந்த முகத்துல நிஜமா பயம் வந்துச்சு. பயந்துக்கிட்டே நின்னான். அவனைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா எழுந்து வர்றது’ன்னாரு.”

“வீட்டுக்கு வந்து?” என்றாள் தோழி.

“சாப்பிட உக்காந்தப்போ, அம்மா அன்னைக்கு எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு முதல் தடவையா சொன்னாரு.”