மண்டபத்து வால்வை மூடியது குறித்து மாலா சொன்னது

என் பெயர் மாலா. வயது நாற்பத்தேழு. கணவர் மனோகர் இறந்துவிட்டார். கே.ஜி.எஃப். நந்திதுர்க் பகுதியில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லராக வேலை செய்கிறேன். கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது. ஆகையால் நான் சொல்வதைத் தமிழில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எங்கள் தெருமுனையில் நாகேஷ் என்பவருக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் உள்ளது. குடிதண்ணீர்க் குழாய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. மண்டபத்துப் பக்க வால்வு திறந்திருந்தால் எங்கள் தெருக்குழாயில் காற்றுதான் வரும். மண்டபம் கட்டிய நாள் முதல் அது திறந்தே இருக்கிறது. இது குறித்து நாங்கள் பல முறை மனு கொடுத்தோம். பார்க்க யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு டெய்சி அக்கா என்னோடு அதே கம்பெனியில் வேலை செய்தவர். ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். மஞ்சள் காமாலை முற்றி நேற்று கோலார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இன்று காலை உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மாலையில் அடக்கம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். உடலைக் குளிப்பாட்ட அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை, என் வீட்டிலும் இல்லை. குடிக்க வைத்திருந்ததுதான் இருந்தது. அவர் மகள் எலைன், "இப்படியேவா ஆன்ட்டி அம்மாவப் பொட்டில வெக்கிறது?" என்று கேட்டாள்.

அதன் பிறகு நான் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். உள்ளே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் கார்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் திலீப்பிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "இன்னாம்மா நீ, சாவு வூட்டுக் கொடத்த எடுத்துக்கினு கல்யாணத்துக்குள்ள வர்ற? போம்மா, போ" என்றார். நான் வாசலுக்கு வெளியே தள்ளியே நிற்கிறேன், கார் கழுவும் குழாயில் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நான் வீட்டிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து, மண்டபத்துப் பக்க வால்வை மூடினேன். எதையும் உடைக்கவில்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் உடன் வரவும் இல்லை. சிறிது நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எலைனும் தெருப் பெண்களும் பிடிக்கத் தொடங்கினார்கள். நாகேஷ் போலீசுக்குப் போன் செய்ததாகச் சொன்னார்கள். எல்லாக் குடமும் நிரம்புவதற்குள் ஜீப் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அதிகாரிகள் இவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை. வால்வைத் திறந்துவிட்டு, என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். டெய்சி அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாகேஷ் வந்து, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். கல்யாண வீட்டாருக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருத்தப்படுகிறேன், அதை அவர்களிடமே சொல்கிறேன், உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் போய்விட்டார். வழக்குப் பதிவானது.

இருட்டுகிற நேரத்தில் டெய்சி அக்காவின் தம்பி டைட்டஸ் எனக்கு ஜாமீன் நிற்க, கல்லறையிலிருந்து நேராக வந்தார். அடக்கம் முடிந்துவிட்டது என்றார். தண்ணீர் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "குளிப்பாட்டித்தான் அனுப்பனோம்மா. நீ உட்ட தண்ணி அதுக்குப் பத்திச்சி" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வால்வை மூடியது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தவறு யாருடையது என்று கோர்ட்டில் கேட்டால் அங்கே சொல்கிறேன். இப்போது எனக்குக் களைப்பாக இருக்கிறது. காலையில் ரயிலுக்குப் போக வேண்டும்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாருடைய பயமுறுத்தலும் இல்லாமல் சொன்னேன். படித்துக் காட்டக் கேட்டு, சரியாக இருப்பதால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. மாலா