பின்பக்க இடது கால்

பலம் உள்ள மட்டும் முறுக்கினால்தான் கம்பி அசையாமல் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு ஐயா. சாமான் ஏற்றுவதற்காகக் காரின் மேலே குறுக்காக மாட்டும் கூரைக் கம்பிக்கு ஓர் அளவு உண்டு. ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் 'கடக்' என்று சத்தம் வரும். அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். கூடினால் கூரைத் தகடு நெளியும். குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கார் சாமான் கடையில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. ஒரு காருக்கு இரண்டு கம்பி, நாலு கால். ஒவ்வொரு காலும் கதவுக்கு மேலே உள்ள விளிம்பைக் கவ்விக்கொள்ளும். காலுக்கு ஒரு மூடி, விலை கூடிய ரகத்தில் மூடிக்கு ஒரு பூட்டு. பூட்டு இல்லாத கம்பியை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் கழற்றிக்கொண்டு போய்விடலாம். எனக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

ஏணிக்காரம்மா முதல்முதலாக வந்தது மழை விட்ட ஒரு காலையில். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கார் சின்னது, ஏணி பெரியது. ஏணியைக் காருக்குள்ளேயே திணித்து, அதன் முனை காதருகே நீட்டிக்கொண்டிருக்க, கழுத்தைச் சாய்த்தபடியே ஓட்டி வந்திருக்கிறார். இறங்கிய பிறகும் கழுத்து நேராகவில்லை.

"அண்ணா, ஒண்ணு இந்த ஏணியை மேல ஏத்துங்க. இல்லன்னா என்னை மேல ஏத்திட்டு ஏணியை ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. நாற்பது நிமிட வேலையை அன்று ஒன்றரை மணி நேரம் செய்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, சுவருக்கு ரோஜா நிறம் கேட்டுவிட்டு அடித்து முடித்ததும் அழுத ஒரு வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். என் முதுகுவலி அன்று வரவில்லை. வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு வணக்கம் வைத்தேன்.

"என்ன மாஸ்டர், கார் மேல வேலை பாக்குறீங்களா, காத்துல மிதக்குறீங்களா?" என்றார் சீட் கவர் தைப்பவர். நான் ஒரு காருக்குக் கம்பியை முன்பின்னாக மாட்டியிருந்தேன்.

அண்ணா என்று கூப்பிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் அவர் வரவில்லை. கம்பி நன்றாக இருந்தால் யார் வருவார்கள்? ஒரு மதியம் கடைச் சட்டையோடு, கருவிப்பெட்டியோடு பில்லில் இருந்த விலாசம் பார்த்து அவர் தெருவுக்குப் போனேன். அவர் ஏணியை இறக்கி எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளி வேலையில் இருந்தார். கார் இந்தப் பக்கம் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பி சரியில்லையாப்பா?"

"சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறேன் சார்."

"நல்லதுதான். பாத்து வைக்கச் சொல்லு, இங்க திருட்டு ஜாஸ்தி" என்று சொல்லி, இரண்டாவது கம்பியின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கம்பிகள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாளே வந்துவிட்டார். சர்வீஸ் ஆள் மாதிரி எவனோ வந்து கழற்றிப் போனான் என்று பெரியவர் சொன்னாராம், முகம் மட்டும் அவருக்கு ஞாபகமில்லையாம். இந்தத் தடவை பூட்டு வைத்த கம்பி. பூட்டுக்கு இரண்டு சாவி வரும். ஒன்றைக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு?"

"கடையில இருக்கட்டும். நீங்க தொலைச்சிட்டா யாரு தேடுறது?"

"என் தலையைக் கழட்டி வெச்சாக்கூட மறந்துட்டுப் போயிடுவேன். நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

இருபது நாள் பொறுத்தேன். பிறகு அந்தச் சாவியால் திறந்து அதையும் எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் இரண்டாவது ஜோடி அதுதான்.

"பூட்டைக்கூட உடைக்கலண்ணா" என்றார் வந்து. "திருடன் ரொம்ப நீட்டான ஆளு. எனக்கு மாப்பிள்ளை பாக்குறவங்ககிட்ட இப்படி ஒருத்தனைத்தான் கேக்கணும்."

அதை நான் என்னைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். ஒருவகையில் அது சரிதானே.

மூன்றாவது தடவை கடையிலேயே உயர்ந்த பூட்டு. இரண்டு சாவியையும் அவரே கேட்டு வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். "உங்களை நம்பாம இல்லண்ணா. கடைக்குள்ள திருடன் வந்துட்டா? அப்பாடா, இதோட முடிஞ்சுது. இனி உங்க மூஞ்சியைப் பாக்கவே வேண்டாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று கால்களைக் 'கடக்' சத்தம் வரும்வரை முறுக்கினேன். பின்பக்க இடது காலில் நாலு சுற்று முன்னாலேயே நிறுத்தி, மூடியைப் போட்டுப் பூட்டினேன். நாலைந்து நாளில் அது கடகடக்கத் தொடங்கும். கடகடத்தால் வருவார். அதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் இல்லை.

கம்பி மாட்டியதும் வாடிக்கையாளரே ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எங்கள் கடை வழக்கம். அவர் மூன்றை ஆட்டினார். நாலாவதற்கு வரும்போது, "டீ ஆறிடும், குடிங்க" என்றேன். குடித்தார். கிளம்பிவிட்டார்.

மாட்டும் முறைத் தாளைப் படிக்கவேண்டும் என்பதற்காகவே நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன் நான். சரியாக முறுக்காவிட்டால் சுமை பறந்து பிறர் உயிர் போகலாம் என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

ஐந்தாம் நாள் மேம்பாலத்தில் பின்கம்பி கழன்றது. ஏணி அதோடு போயிற்று. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தலைக்கவசம் போட்டிருந்தாராம். ஏணி கழுத்தில் பட்டிருக்கிறது. எனக்கு அவரைத் தெரியாது.

லாரி ஏறிக் கம்பி நசுங்கிப்போனதால் கால் தளர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை; ஏணியைச் சரியாகக் கட்டவில்லை என்று ஏணிக்காரம்மா மேல் வழக்குப் போட்டீர்கள். ஜாமீனில் வந்ததும் அவர் நேரே கடைக்குத்தான் வந்தார்.

"கயிறு நான்தான் கட்டினேன். மூணு முடிச்சு போட்டேனா, ரெண்டா? ஞாபகமே வரலண்ணா."

"ரெண்டு போட்டிருப்பீங்க" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் வந்தார். பதினொரு நாள், தினமும். நான் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டுவேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாப்பிட மறந்துவிட்டேன் என்றார். என் டப்பாவைப் பாதி பகிர்ந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படி ஒரு பதினொரு நாள் எனக்கு இருந்ததில்லை. விடிந்தால் கால் தரையில் நிற்காது. செத்தவரை நினைக்கவில்லையா என்று கேட்டால், நினைத்தேன். நன்றியோடு நினைத்தேன்.

நேற்று வந்து, "நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கப்போறேண்ணா. நான்தான் கொன்னேன். இனி வரமாட்டேன். நீங்க எனக்காக அலுத்துக்காம உக்காந்து பேசினீங்க, அது போதும்" என்று என் கையைப் பிடித்தார். கை முழுக்கப் பெயின்ட்.

பெண்கள் சிறையில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் போய்ப் பார்க்கலாமாம். விசாரித்துவிட்டேன்.

அதனால்தான் காலையில் முதல் ஆளாக இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு நல்ல பெண் செய்யாத குற்றத்துக்காக உள்ளே போவதை என் மனசாட்சி ஏற்கவில்லை. கம்பியைத் திருடியவனும் நான்தான். காலைத் தளர்த்தியவனும் நான்தான். அந்த வாத்தியாரைக் கொன்றவனும் நான்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

இதை ஏணிக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினால் அவர் உடனே இங்கே கிளம்பி வருவார், உன் கன்னத்தில் அறைய என்று உங்கள் ஏட்டு சொன்னார். கோபமாகத்தான் வருவார். வரட்டுமே. எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னீர்களானால் முகம் கழுவித் தலையை வாரிக்கொள்வேன்.