மாடிக் கணக்கு

இரண்டாம் பதிப்பை யாரும் முதல் பதிப்போடு வைத்துப் படிப்பதில்லை. புதிய புத்தகம் வந்ததும் பழையது எடைக்குப் போய்விடும். கயல்விழி மட்டும் இரண்டையும் வைத்திருந்தாள். அவள் அப்பா எழுதிய புத்தகம், அதில் வியப்பில்லை.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கான இயற்பியல் புத்தகம். சிதம்பரம் கீழ வீதியில் நானும் அவள் அப்பா ராமாமிர்தமும் டியூஷன் நடத்திய கட்டடத்தில் உட்கார்ந்து எழுதினோம். எழுதினோம் என்பது கொஞ்சம் தாராளமான சொல். பாடமும் கணக்குகளும் அவருடையவை. புரூஃப் பார்ப்பதும் கடலூர் அச்சகத்துக்குப் பஸ் ஏறுவதும் என் வேலை.

ஒரு கணக்கு மட்டும் என்னுடையது. பத்து மீட்டர் உயர மாடியின் விளிம்பில் நிற்பவரை ஒருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். அவர் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் விழுகிறார். தள்ளியபோது அவர் பெற்ற வேகம் என்ன?

முதல் பதிப்பு 2005இல் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள். அதுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மாமனார், அந்த அட்டையைக் கண்ணாடி போட்டுப் புவனகிரி வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

2008இல் இரண்டாம் பதிப்பு வேலை நடந்தது. ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்து மொட்டை மாடியில் நின்றிருந்தபோது ராமாமிர்தம் சொன்னார்:

"வைத்தி, அந்த மாடிக் கணக்க எடுத்துட்றேன்யா. பசங்க சிரிக்கிறானுங்க. எவன்யா எவனப் போயி தள்ளுவான்? செயற்கையா இருக்கு."

"அது ஒண்ணுதான் சார் என்னுது."

"அதான் சொல்றேன். இந்தத் தடவ அட்டையில என் பேரு மட்டும் போதும். மூஞ்சத் தூக்காத. முன்னுரையில நன்றி போட்டுட்றேன். புரூஃப் நீதான் பாக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. நன்றி போடுவேன் என்றால் போடுவார். பேசிவிட்டுத் தெருவில் போன யாரையோ கூப்பிட விளிம்புக்குப் போனார். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

கால் தவறி விழுந்தார் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். புத்தகத்தை நானே முடித்தேன். அவர் சொல்லியிருந்த திருத்தங்கள் ஒன்றையும் விடவில்லை. மாடிக் கணக்கையும் எடுத்தேன். அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று சேர்த்தேன். அடுத்து என் பெயர்.

போன வாரம் கயல்விழி வந்தாள். இப்போது இன்ஜினியரிங் படிக்கிறாள்.

"மாமா, பழைய புக்குல ஒரு கணக்கு இருக்கு. புதுசுல காணும்."

"அப்பாதாம்மா எடுக்கச் சொன்னாரு."

"அப்பா வுழுந்த எடம் கரண்டு கம்பத்துக்கிட்ட. நேத்து டேப்பு வச்சு அளந்தேன். செவுத்துலேருந்து ரெண்டரை மீட்டரு. கால் தவறி வுழுறவங்க செவுத்தோரமாத்தான மாமா வுழுவாங்க?"

அந்த அளவை மாடிக் கணக்கில் வைத்து, விடையைப் போட்டே கொண்டுவந்திருந்தாள். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். அலகு எழுத மறந்திருந்தாள். எழுதினேன். மற்றபடி சரி. முழு மதிப்பெண் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டாள். அதுதான் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது.

தள்ளியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்தக் கணக்கு செயற்கையானது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.