நல்ல பெடியன்

அன்றைக்கு முன்னறையில் யார் யார் இருந்தோம் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

கனகசிங்கம் அங்கிள். நிலாணியின் தகப்பன், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்.
குணவதி அன்ரி. ரூஜ் பகுதியில் இருக்கும் அந்த வீட்டின் சொந்தக்காரி.
வாகீசன். அது நான். கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருப்பவன்.
ஒரு தட்டில் ஆறு கட்லட். ஒருவரும் தொடவில்லை.

மாப்பிள்ளை கிருஷாந் அங்கே இல்லை. விசாரிக்கப்படுகிறவனை முன்னால் வைத்துக்கொண்டு விசாரிக்கமாட்டார்கள். நிலாணியைக் கொன்றான் என்று அவனைத்தான் மூன்று நாளாக அடைத்து வைத்திருக்கிறீர்கள். அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன். மோர்னிங்சைட் பக்கம் ஒரு குளிரூட்டிய கிடங்கில் இரவு வேலை. கிருஷாந்துக்குப் பகல் வேலை. ஐந்து வருடமாக இருவருக்கும் ஒரே மெத்தை. காலை ஏழுக்கு நான் வர அவன் எழும்பிப் போவான். அவன் படுத்த இடத்தில் சூடு இருக்கும். இன்னொரு மெத்தை வாங்குவோம் என்று இரண்டு முறை கேட்டான். தேவையில்லை என்றேன்.

ஒக்டோபரில் அவனுக்கு நிலாணியைக் கலியாணம் பேசினார்கள். அவள் ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறவள். அவளோடு கதைப்பதற்காக அவனும் ஐந்துக்கு எழும்பிப் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். நான் வரும்போது மெத்தை குளிர்ந்து கிடந்தது.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்றுதான் யோசித்தேன். மனச்சாட்சி இல்லாதவர்களை எப்படி இனங்காண்பது என்று வேலை இடைவேளைகளில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நிறையக் கேட்டிருக்கிறேன். இனிமையாகப் பேசுவார்கள். உங்களை உங்கள் ஆட்களிடமிருந்து மெல்லப் பிரிப்பார்கள். செய்ததை நினைத்து வருந்தமாட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பொருந்தினாள். கிருஷாந்துக்கு இதெல்லாம் விளங்காது. யாராவது அவனைப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவர்கள் மிருகங்களை வதைப்பார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் சம்பந்தத்தை முறிக்கப் பூனையைத் தெரிவுசெய்தேன். லட்டு, குணவதி அன்ரியுடையது. ஜனவரியில், மைனஸ் இருபத்திரண்டு பாகைக் குளிரில், அதைப் பின்வளவுக் கொட்டிலில் விட்டுக் கதவைக் கொளுவினேன். கிருஷாந்தின் கையுறை ஒன்றையும் உள்ளே போட்டேன். கொஞ்ச நேரம் கத்தியது. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அன்ரி கையுறையோடு கீழே வந்தார்.

“உது உம்மட தானே?”

கிருஷாந் சிரித்தான். அவன் பயந்தால் சிரிப்பான். தகப்பன் செத்த செய்தி வந்தபோதும் சிரித்தான். அது எனக்குத் தெரியும், அன்ரிக்குத் தெரியாது.

“வாயில்லாச் சீவன் விறைச்சுப்போய்க் கிடக்குது, நீர் பல்லைக் காட்டுறீர்.”

உங்களிடமும் சிரித்திருப்பான்.

அடுத்த சனிக்கிழமை கனகசிங்கம் அங்கிள் வந்தார். நான் சொன்னதை அப்படியே பதியுங்கள். ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை.

“தம்பி, கூட இருக்கிறவர் நீர்தான். பெடியன் எப்பிடி?”

இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் ‘நல்ல பெடியன்’ என்றுதான் சொல்வார்கள். குடிகாரனுக்கும் அதே பதில்தான். அதனால் கேட்பவர்கள் பதிலைக் கேட்பதில்லை, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கிள் ஏற்கெனவே இரண்டு மகள்மாரைக் கட்டிக்கொடுத்தவர். நான் அன்ரியைப் பார்த்தேன். கட்லட்டைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“நல்ல பெடியன், அங்கிள்.”

“குடி கிடி?”

“சீச்சீ.”

“பேந்தென்ன யோசிக்கிறீர்?”

“ஒண்டுமில்லை அங்கிள்.”

அன்ரி அழத் தொடங்கினார். மிச்சத்தை அவர்தான் சொன்னார்.

புதன்கிழமை சம்பந்தம் முறிந்தது. கிருஷாந் ஐந்து மணிக்கு எழும்புவதை விட்டான். நான் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். மெத்தை சூடாக இருந்தது. அப்படிப் பதினேழு நாட்கள்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிபோல நிலாணி பக்கவாசலுக்கு வந்தாள். அன்ரி கோயிலுக்குப் போயிருந்தார்.

“வாகீசன் அண்ணா, அவர் நிக்கிறாரோ?”

“நித்திரை. என்ன விசயம்?”

“பூனை காணாமப்போன அண்டைக்கு அவர் ஒஷாவாவில ட்ரெயினிங். விடியவே போய், அடுத்த நாள்தான் வந்தவர். அங்கயிருந்து எனக்குப் படம் அனுப்பினவர், டேற்றும் நேரமும் கிடக்கு.” போனை நீட்டினாள். “அப்பாவுக்கு இன்னும் காட்டேல்லை. உங்களிட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுவம் எண்டு வந்தனான். நீங்கள்தானே?”

ஒருவரைச் சந்தேகித்தால் தனியாகப் போய் அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் விலக வேண்டும், நாலு பேருக்குச் சொல்லிவைக்க வேண்டும். அவளை மரியாதையாக வளர்த்திருந்தார்கள்.

நான் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கோபப்படவில்லை.

“அவர் உங்களைப் பற்றி எவ்வளவு கதைக்கிறவர் தெரியுமே? கலியாணம் முடிஞ்சாலும் வாகீசனைப் பக்கத்தில வைச்சிருக்க வேணுமாம். இல்லாட்டி உவன் நூடில்ஸ் திண்டே செத்துப்போவானாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “நான் ஓம் எண்டுதான் சொன்னனான் அண்ணா.”

விடிய ஐந்து மணிக்கு, குசினியில், இருவரும் என்னைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு இடம் தரலாம் என்று அவள் தீர்மானித்திருக்கிறாள்.

“உள்ளுக்க வாங்கோ, எழுப்பிறன்,” என்றேன். “மூண்டு பேருமாக் கதைப்பம்.”

கிருஷாந் உள்ளே இல்லை. ஆற்றுப் பக்கம் தனியாக நடக்கப் போயிருந்தான், அவனைப் பார்த்த சாட்சி யாரும் இல்லாதது அதனால்தான். நான் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் ஆறு மணிக்கு அவன்தான் அவளைக் கண்டான், அவன்தான் உங்களைக் கூப்பிட்டான். உங்கள் மருத்துவர் அவள் கழுத்தைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் என் கைகள் செய்தவை. அவனை விட்டுவிடுங்கள். வெளியே வந்ததும் எங்கே வந்து என்னைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அவளிடமிருந்து அவனைக் காப்பாற்றியவன் நான் என்று அவனுக்கு விளங்கும்.

அவள் சப்பாத்தைக் கழற்றி, ஈரம் படாமல் ஓரமாக வைத்துவிட்டு, அவன் பெயரை மெல்லக் கூப்பிட்டபடி படி இறங்கினாள். நான் அவளுக்குப் பின்னால் உள்ளே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.