காணாமல் போனவனுக்குத் தண்ணி காய வைக்கிறவள்

அஸ்தம்பட்டி போகிற டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளுடைய வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற வண்டியோடு வடக்கே போய் எட்டு வருசமாச்சாம், ஒரு தகவலும் இல்லை. இறந்துட்டார்னு எழுதிக் கொடுக்க வக்கீலிடம் போகிறார்கள். பேச்சு என்னவோ டிவி நாடகத்தைப் பற்றி. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காணாமப் போன புருசன் குளிக்கறதுக்குத் தெனமும் தண்ணி காய வெக்கறாளே, கிறுக்கி" என்றாள் மூத்தவள். இளையவளுடைய வீட்டுக்காரருக்கு அக்கா இவள்.

"கிறுக்கு இல்லீங்க நங்கை. அவன் வரமாட்டான்னு அவளுக்கே தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குடி வெறகைக் கரியாக்கறா?"

"அவன் போயிட்டானுங்க. அவ ஆசை போகலைங்களே. அவன் வந்து குளிச்சாத்தான் ஆசையா?"

"அவளாட்டம் நீயும் வக்கீல்கிட்ட ஒளறி வெக்காத சாமி. காட்டுப் பட்டா உம்புள்ள பேருக்கு மாறோணும்."

"செத்துட்டாருன்னே கையெழுத்துப் போடறேனுங்க. எழுதிக் குடுத்தா எம்பட ஆசை செத்துராது. சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடோணும். போட்டுருவீங்களா?"

அஸ்தம்பட்டி வந்தும் அக்காக்காரி எழுந்திருக்கவில்லை. இளையவள்தான் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனாள்.