றிஸ்மியாவின் சோர்வு

கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கும் நாட்களில் பகலில் யாரும் படுப்பதில்லை, டொக்டர். என் தங்கை றிஸ்மியா படுப்பாள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, உலையில் போடுமுன்பே போய்ச் சாய்ந்துவிடுவாள். தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை என்பாள்.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு அவளைப் பார்த்துக்கொண்டவள் நான்தான். குடல் வருத்தத்தில் அவளுக்கு இரத்தமாகப் போன காலத்தில் துணி துவைத்ததும் நான்தான். அப்போதெல்லாம் சலித்ததில்லை. குடல் ஆறிவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் சலிப்பு வந்தது. சோர்வு சிலருக்கு மிஞ்சி நிற்கும், அது நடிப்பல்ல என்றும் சொன்னீர்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். அவர்கள் பிறகு வரவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் வேணுமெண்டு செய்றனா, ராத்தா? என்ட உடம்பு நான் சொல்றதக் கேக்குதில்ல" என்றாள்.

நான் நம்பவில்லை. குடல் திரும்பவும் புண்ணாகாமல் இருக்க நீங்கள் கொடுத்த குளிசைகளைக் களப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு, அதே மஞ்சள் நிறத்தில் விட்டமின் குளிசைகளைப் போத்தலில் நிரப்பினேன். மருந்தில்லாமலே நன்றாக இருந்தால், வருத்தமே இல்லை என்று அவளுக்குக் காட்டலாம் அல்லவா. காலையில் தண்ணீரோடு நானே கையில் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பிறகு இரத்தம் போவது திரும்ப வந்தது. உங்களிடம் வந்து வேறு குளிசை வாங்கியிருக்கலாம். பழையது எங்கே என்று கேட்பீர்கள். அந்த வெட்கத்தில் மஞ்சள் குளிசையையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரத்தம் நிற்காமல் வார்டில் சேர்த்த பிறகு, நீங்கள் அவளிடம் மருந்தை ஒழுங்காகக் குடித்தீர்களா என்று கேட்டபோது நான் கட்டிலருகே நின்றேன்.

"ஒரு நாளும் விட்டதில்ல, டொக்டர். ராத்தாவக் கேளுங்க" என்றாள்.

நான் ஓம் என்றேன். இனி மருந்துக்குக் கேட்காது, பெருங்குடலை எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தீர்கள்.

எடுத்தாயிற்று. இப்போது அவள் வயிற்றில் மலம் சேரும் பை தொங்குகிறது. கண் விழித்ததும் என் கையைப் பிடித்து, தன்னால் எனக்குத்தான் கரைச்சல் என்று மன்னிப்புக் கேட்டாள். முகத்தைப் பார்க்க முடியாமல் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் மருந்து தோற்கவில்லை, டொக்டர். வெட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். குடலோடு அந்தச் சோர்வும் போய்விடும், எழுந்து வீட்டு வேலையைப் பார்ப்பாள் என்று நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை.