வலிச்சா ஒரு சொட்டு

— தலைய ஆட்டாத. காகிதம் கீழ விழுந்துட்டா மறுபடி முதல்லேருந்து அஞ்சு நிமிஷம்.

— ரெண்டு கண்ணுலயும் பஸ் டிக்கெட்டத் தொங்க விட்ட மாதிரி இருக்குக்கா. வெளிய யாராவது பார்த்தா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். கண்ண மெதுவா மூடிக்கோ. எவ்வளவு கண்ணீர் ஊறுதுன்னு காகிதத்துல இருக்கிற கோட்ட வச்சுப் பார்க்கத்தான் இது. ஒரு நிமிஷம் ஆச்சு. இடது பக்கம் நாலு கோடு நனைஞ்சிருக்கு.

— வலது?

— பேசாத, காகிதம் ஆடுது.

— அக்கா, வலது பக்கம் எத்தனை?

— இன்னும் நேரம் இருக்கு.

— விடுக்கா. எனக்குத்தான் வலியே இல்லையே. வலிச்சாத்தானே பயப்படணும்?

— வலிக்காததுக்குத்தாண்டா பயப்படணும். டாக்டர் பஞ்சு நுனியால உன் வலது கருவிழியத் தொட்டாங்க. வேற யாரா இருந்தாலும் துள்ளியிருப்பாங்க. நீ மரக்கட்டை மாதிரி உக்காந்திருந்த. நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி விழுந்திருக்கு, உப்புக்கல் மாதிரி. கிருமி உள்ள பூந்திருக்கு, புரியுதா?

— கிருமியா? இருபது வருஷமா பட்டறையில பொகையும் தூசியும் தின்ன கண்ணு இது. இப்ப என்ன புதுசா கிருமி?

— இருபது வருஷமா கண்ணீர் காப்பாத்துச்சு. அது என்ன வெறும் உப்புத் தண்ணின்னு நினைச்சியா? கிருமியோட தோலையே கரைக்கிற சரக்கு அதுல இருக்கு. கிருமி பெருகணும்னா அதுக்கு இரும்பு வேணும். அந்த இரும்பையும் கண்ணீர் பிடுங்கி வச்சுக்கும்.

— பாரேன். நானும் இரும்புலதான் பொழைக்கிறேன், அதுவும் இரும்புலதானா?

— விளையாடாத. தூசி விழுந்தா உறுத்தணும். உறுத்தினாத்தான் கண்ணு சிமிட்டும், தண்ணி ஊறும். உறுத்தலே இல்லைன்னா எதுக்கு ஊறும்? ரெண்டு நிமிஷம் ஆச்சு. உண்மையச் சொல்லு. கண்ணுல என்ன போட்ட?

— ஒண்ணும் இல்லையே.

— டாக்டர்கிட்ட சொன்ன பொய்ய என்கிட்டயும் சொல்லாத. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது.

— நீ குடுத்ததுதான்.

— நான் குடுத்ததா?

— வலது கண்ணுல வெல்டிங் வெளிச்சம் அடிச்சு அன்னிக்குத் துடிச்சேனே. நீ ஓடி வந்து ஒரு சொட்டு விட்ட. போன உசுரு திரும்பின மாதிரி இருந்துச்சு. போகும்போது குப்பிய அலமாரியில வச்சுட்டுப் போன.

— அது மூணு வாரத்துக்கு முன்னாடி!

— ஆமா. "வலிச்சா ஒரு சொட்டு"ன்னு குப்பி மேல நீதானே எழுதி ஒட்டின? வலிச்சுது, போட்டேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை வலிக்கும். அஞ்சு சொட்டு. அதுக்கு மேல ஒண்ணு கூடப் போடலக்கா, சத்தியமா.

— ஐயோ. ஐயோ கடவுளே. அன்னிக்கு ஒரு நாளைக்குத்தாண்டா எழுதினேன்! அது ஆத்துற மருந்தே இல்ல. ஆபரேஷன் பண்றப்ப கண்ண மரத்துப்போக வைக்கிறது. வலியத்தான் மறைக்கும், புண்ண ஆற விடாது. நீ அலறினத என்னால கேக்க முடியல. ஆபரேஷன் ரூம்லேருந்து யார்கிட்டயும் சொல்லாம எடுத்துட்டு வந்தேன்.

— அது தெரிஞ்சுதான் நானும் டாக்டர்கிட்ட வாயத் திறக்கல. சொன்னா உன் நர்ஸ் வேலை போயிடும்.

— வேலை போனா போகுது. உன் கண்ணு போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுவேன்? இது முடியட்டும், நானே உள்ள போய்ச் சொல்றேன். வலது பக்கம் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு நனைஞ்சாக்கூடப் போதும். ஊத்து இன்னும் வத்திப்போகலைன்னு டாக்டருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

— நனையலையா?

— பொட்டுக்கூட இல்ல. குப்பி இப்ப எங்க?

— வீட்டுலதான்.

— யாரும் தொடாத இடத்துலதானே இருக்கு?

— அக்கா...

— என்ன?

— காலையில பாப்பா கண்ணக் கசக்கிட்டு அழுதா. தூசி. கிளம்பற அவசரத்துல அவ அம்மாகிட்ட, அதே சொட்டப் போட்டு விடுன்னு...

— போனை எடு. இல்ல, நீ அசையாத, நான் எடுக்கறேன். ஹலோ, நான்தான். பாப்பா கண்ணுல அந்தச் சொட்டப் போட்டியா? ... மழுப்பாம சொல்லு, போட்டியா இல்லையா? ... என்னது? கத்தி, உதைச்சு, குப்பியத் தட்டி விட்டுட்டாளா? ... ஒரு சொட்டு கூட உள்ள போகலையே? ... கொட்டினா கொட்டட்டும்! அடிச்சியா? எதுக்கும்மா அடிச்ச? ... தூசி கண்ணீரோடயே வெளிய வந்துடுச்சா. ... சரிம்மா, சரி. இன்னும் அழுதா அழட்டும், விட்டுடு. வச்சுடறேன்.

— போடலையா?

— போடல. அழுதே தப்பிச்சுட்டா உன் பொண்ணு.

— கையக் கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போடுன்னு நான்தான்க்கா சொன்னேன். ஏழு வயசு. என் வாயாலயே சொல்லிட்டு வந்திருக்கேன்.

— ஒண்ணும் ஆகல. பேசாத, கடிகாரத்தப் பார்க்க விடு. இன்னும் அரை நிமிஷம்தான்.

— நான் சொன்ன மாதிரியே அவ செஞ்சிருந்தா...

— டேய், குனியாத. காகிதம் விழுந்துடும்.

— கன்னத்துல என்னமோ ஊருதுக்கா.

— எந்தப் பக்கம்?

— வலது.